கமானில் சத்தம்

தார்நாகா
12-6-82

உங்களுக்கு என் நமஸ்காரம். இங்கே நான் சௌக்கியம், கார் சௌக்கியமில்லை.

ராஞ்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் நீங்கள் எழுதின இரண்டு கடிதத்திலும் பால்காரன் ஒழுங்காக வருகிறானா, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். வருகிறான், ஏறுகிறது. நம் பெண்ணின் பெயரை மட்டும் கடிதத்தில் எழுதாதே என்று ரயில் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்பாவின் ஆபீஸ் அறையைப் பூட்டின யூனியன்காரனையே கல்யாணம் செய்துகொண்டவள் இனி நம் பெண் இல்லை என்று நீங்கள் முடிவு கட்டி, டிரான்ஸ்பரும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இது கார் பேச்சு. கோபப்படாமல் படியுங்கள்.

என் அப்பா கொடுத்த அம்பாசிடரில் ஒரு மாதமாக ஒரு சத்தம். பின்பக்கம், இடதுபுறம். பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்' என்று ஒன்று, ஏறும்போது ஒன்று. சில நாள் வரும், சில நாள் வராது. ராணிகஞ்ச் மெக்கானிக் மொய்ன் பாய் ஷாக் அப்சர்பரை மாற்றினார். நிற்கவில்லை. ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினார். நிற்கவில்லை. அவரே ஓட்டிப் பார்க்கிறேன் என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பள்ளம் பள்ளமாகத் தேடி இறக்கினார். அன்றைக்குப் பார்த்து வண்டி வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு 'வஹம்' என்று தன் ஆட்களிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. வஹம் என்றால் மனப்பிரமை. எனக்கு இந்த வயதில் அந்தப் பட்டமும் கிடைத்தாயிற்று.

பிரமை இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தவுடனே அது எப்போது வரும், எப்போது வரும் என்று காத்துக்கொண்டே ஓட்டுகிறேன். வந்தால் மோசம், வராவிட்டால் அதைவிட மோசமாக இருக்கிறது. டர்பைன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே எந்தப் பேரிங்கில் கோளாறு என்று சொல்கிறவர் நீங்கள். இதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லக் கூடாதா? எனக்கு இது சீக்கிரம் சரியாக வேண்டும்.

பாமா


ராஞ்சி, கெஸ்ட் ஹவுஸ்
19-6-82

சௌபாக்கியவதி பாமாவுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் உனக்கு என்ன அப்படி ஓட்டம்? மோண்டா மார்க்கெட்டுக்கு வாசலிலேயே பஸ் இருக்கிறது. உங்கப்பா வண்டிக்கும் வயதாகிவிட்டது. ஷெட்டில் நிறுத்தி வை, நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி எழுதி முடித்துக் கவரை ஒட்டப் போனேன். முடியவில்லை. ஒரு சத்தத்தைப் பற்றி எழுதினால் இப்படியா எழுதுவது? 'டொக்' என்றால் யாருக்கு என்ன தெரியும்? இரும்பில் இரும்பு படுகிறதா, ரப்பரில் படுகிறதா? பிரேக் போட்டால் மாறுகிறதா? திருப்பத்தில் கூடுகிறதா? வருகிற நாளுக்கும் வராத நாளுக்கும் என்ன வித்தியாசம்? அதைக் கவனித்தாயா? டிக்கியில் இருக்கிற ஸ்டெப்னி, ஜாக்கி, உன் அப்பா காலத்துத் தகர டப்பா எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டிப் பார். பாதி நேரம் அந்த டப்பாவாகத்தான் இருக்கும்.

இங்கே அறையில் மின்விசிறி ஒன்று இருக்கிறது. சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்கிறது. உன் கடிதம் வருகிற வரை அதை நான் கவனிக்கவில்லை. இப்போது அதை நிறுத்தினால் வேர்க்கிறது, ஓடவிட்டால் எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஏற்கெனவே இந்த வருஷத்துக்குப் போதுமான சத்தம் நான் கேட்டாகிவிட்டது. என் அறைக் கதவை வெளியே பூட்டிவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினானே அந்த ஜாயின்ட் செக்ரெட்டரி. அன்று மாலை வரை உள்ளே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரல் நம் வீட்டுக் கூடத்தில் கேட்க வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு ஆசை வந்தால் அவளோடு எனக்குப் பேச்சில்லை. நீ எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன், சரி. இத்தோடு விட்டுவிடு.

என்ன அவசரம் என்று எழுதவில்லையே?

அனந்தராமன்


தார்நாகா
27-6-82

நமஸ்காரம். டப்பாவை இறக்கினேன், ஸ்டெப்னியை இறக்கினேன், ஜாக்கியை இறக்கினேன். டிக்கி காலி. சத்தம் அப்படியே இருக்கிறது. அப்பாவின் டப்பா மேல் பழி போட்டதற்கு நீங்கள் அதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்.

வருகிற நாளுக்கும் வராத நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தீர்கள். காலண்டரைப் பார்த்தேன். வருகிறதெல்லாம் செவ்வாய்க்கிழமை. மற்ற நாளில் வாயே திறப்பதில்லை. வண்டிக்குச் செவ்வாய் தோஷம் இருக்கிறதோ என்னவோ. எதிர்வீட்டு கிருஷ்ணமூர்த்தி மாமாவிடம் சொன்னேன். வண்டியின் ஜாதகம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

மறுபடி மொய்ன் பாயிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பீடியைப் பற்ற வைத்தார். "கமான்மேச் ஆவாஸ் ஹை அம்மா, கமானில்தான் சத்தம், பக்கா" என்று அடித்துச் சொல்லிவிட்டார். கமான் ரொம்பப் பழசாம், நிஜாம் காலத்துச் சரக்காம். இனிமேல் அதற்குப் பாரம் தாங்கத் தெம்பில்லை, ஒருநாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து விழும் என்கிறார். எனக்கும் கமானில்தான் என்று தோன்றுகிறது. அங்கேதான் நன்றாகக் கேட்கிறது. வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். நக்கோ, ஒரு வாரம் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என்ன அவசரம் என்று கேட்டிருந்தீர்கள். அவசரம் என்றால் அவசரம். எனக்கு இப்போது ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன். வெறும் வண்டியை அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

பாமா


ராஞ்சி
4-7-82

பாமாவுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இருபத்தைந்து வருஷமாக அந்த ஊரில் இருக்கிறேன், கமான் எது என்று எனக்குத் தெரியாதா? சார்மினாருக்கு முன்னால் நாலு பக்கமும் நிற்கிறதே சார் கமான், அந்தக் கல் வளைவுதானே? நிஜாம் காலத்துக்கும் முந்தியது. அதற்குப் பாரம் தாங்கத் தெம்பில்லை, இடிந்து விழும் என்றால் அதற்குக் கவலைப்பட முனிசிபாலிட்டி இருக்கிறது, உன் மெக்கானிக் எதற்கு? வளைவுக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் அதன் சத்தம் சுவரில் அடித்துத் திரும்பித்தான் வரும். இது தெரியாதவன் கையிலா வண்டியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்?

அது போகட்டும். தார்நாகாவிலிருந்து மோண்டா மார்க்கெட்டுக்குப் போகிறவளுக்கு நயாபுல் தாண்டி என்ன வேலை? வாராவாரம் செவ்வாய்க்கிழமை அந்த வளைவுக்கு அடியில் ஏன் போகிறாய்? அதற்குப் பின்னால் இருக்கிற சந்தில் யார் வீடு என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? கல்யாணப் பத்திரிகையில் விலாசம் போட்டுத்தான் எனக்கும் ஒன்று அனுப்பி வைத்தார்கள், ஜாயின்ட் செக்ரெட்டரியின் கையெழுத்தோடு.

நீ போகிறாய் என்றால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதுவும் உண்மை. ஆனால் சத்தம், சஸ்பென்ஷன் என்று என்னை இங்கே ராத்திரி பகலாக யோசிக்க வைத்துவிட்டு, நீ அந்த வாசலில் வண்டியை நிறுத்திக் காபி குடித்துக்கொண்டிருந்தாய் என்றால் என்னை என்னவென்று நினைத்தாய்?

ஆமாம், இல்லை. இரண்டில் ஒன்று எழுது.

அனந்தராமன்


தார்நாகா
12-7-82

நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்ததால் இத்தனை தாமதம்.

இருபத்தைந்து வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் நீங்கள் கும்பகோணத்துக்காரராகவே இருக்கிறீர்கள். கமான் என்றால் வில். வில்லாக வளைந்து நிற்கிற கல் வாசலும் கமான், வில்லாக வளைந்து வண்டிக்கு அடியில் அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டையும் கமான். உங்கள் சனத்நகர் பாக்டரியில் அதை லீஃப் ஸ்ப்ரிங் என்பீர்களாக இருக்கும். இங்கே குதிரை டோங்காக்காரனிலிருந்து லாரிக்காரன் வரைக்கும் கமான்தான். செகந்திராபாத்தில் பிறந்த எனக்கு வேறு வார்த்தை இருக்கிறது என்றே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். சார் கமான் இடிந்து விழும் என்று மொய்ன் பாய் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதை அவரிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "சாப் இன்ஜினியரா அம்மா?" என்று கேட்டார். ஹவ், ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆமாமா இல்லையா என்று கேட்டதற்குப் பதில் இதுதான். மொய்ன் பாய் சொன்னது இரும்புப் பட்டை.

அவர் பட்டைகளைத் துடைத்துக் கிரீஸ் தடவிக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரிந்தவரை எங்கேயும் விரிசல் இல்லையாம். போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் கேட்டது. முன்னைவிடப் பலமாக. நீங்கள் கேட்ட மாதிரி இந்தத் தடவை நன்றாகக் கவனித்து எழுதுகிறேன். இரும்பில் இரும்பு படுகிற சத்தம்தான். ஆனால் முதலில் காதுக்கு வருவதில்லை. குதிகாலுக்கு அடியில், பின்சீட்டுக் கார்ப்பெட்டுக்குக் கீழே யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல் ஒன்று வருகிறது, அதற்கப்புறம்தான் டொக். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்பிலும் தெரிகிறது. நயாபுல் ஏற்றத்தில் ஒரு தரம் தட்டினது, இறக்கத்தில் இரண்டு. பிரேக் போட்டால் வண்டியின் பின்பாகம் ஒருபக்கமாக ஒதுங்குகிற மாதிரி இருக்கிறது. இது போன வாரம்தான் ஆரம்பித்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். வண்டியை நிறுத்திவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். நிறுத்த முடியாது. என்ன கோளாறு என்று சொல்லுங்கள்.

பாமா


தந்தி
ராஞ்சி, 19-7-82

வண்டியை எடுக்காதே. பின் இடது சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. கடிதம் வருகிறது. அனந்தராமன்.


ராஞ்சி
19-7-82

பாமா,

தந்தி உன் கைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருக்க வேண்டுமே என்றுதான் தந்தி ஆபீஸிலிருந்து திரும்பி வந்த பிறகும் ஒரு இடத்தில் உட்காராமல் நடந்துகொண்டிருக்கிறேன். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.

கமான் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு நாலு பக்கம் கோபப்பட்டேன். அது கிடக்கட்டும்.

ஸ்ப்ரிங்குக்குக் கிழமை தெரியாது பாமா, பாரம்தான் தெரியும். டிக்கியைக் காலி செய்தபோதே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அந்த வண்டியில் ஏதோ ஒரு பாரம் ஏறுகிறது. மொய்ன் பாய் ஓட்டினபோது நீங்கள் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள், பின்னால் காலி. அதனால் அவருக்குக் கேட்கவில்லை.

அப்புறம் நீயே எழுதியிருக்கிறாய். குதிகாலுக்கு அடியில் தட்டுகிறது, பின்சீட்டுக் கார்ப்பெட்டுக்குக் கீழே. ஓட்டுகிறவள் நீ. உன் குதிகால் முன்னால் ஆக்ஸிலேட்டர் பக்கத்தில் இருக்கிறது. பின்சீட்டில் யாருடைய குதிகால்? வலதுபக்கப் பின்கதவு பூட்டு இறுகி மூன்று வருஷமாகத் திறப்பதில்லை. ஏறுகிறவர் இடது கதவால் ஏறி அங்கேயேதான் உட்கார முடியும். சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்பில் தெரிகிறதாம். இடுப்பைத் தாங்கிச் சாய்ந்து உட்கார வேண்டிய ஒருவர், வாரத்துக்கு ஒரு தரம், கிழமை தவறாமல், ஆட்டோவில் போகாமல் காரில் போகிறார் என்றால் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். நீயும் அப்படிப் போனவள்தான். இதே வண்டியில், உன் அப்பா ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்து அவரை மெதுவாகப் போகச் சொல்லிச் சொல்லி அவர் வாயில் விழுந்தேன்.

யார் என்று நான் கேட்கவில்லை. நீ எழுதவும் வேண்டாம். சத்தத்தை மட்டும் சொல்கிறேன்.

பட்டை அடுக்கில் மேலே நீளமாக இருக்கிற தாய்ப்பட்டை நடுவில் முறிந்திருக்கிறது. அச்சோடு சேர்த்துக் கட்டுகிற கிளாம்புக்கு அடியில். வெளியே தெரியாது, கிரீஸ் தடவினாலும் தெரியாது. பாரம் இல்லாதபோது கிளாம்ப் அதைப் பிடித்துக்கொள்கிறது. இடதுபுறம் ஒரு ஆள் பாரம் வந்தால் முறிந்த இடம் வாயைத் திறந்து மூடுகிறது. குதிகாலில் தட்டுவது அதுதான். பிரேக்கில் பின்பாகம் ஒதுங்குகிறது என்றால் பட்டை ஏறக்குறையப் போய்விட்டது. மிச்சத்தையும் விட்டால் அந்தப் பக்கத்து அச்சு பின்னால் நகர்ந்து வண்டி தானாகத் திரும்பிவிடும். நயாபுல் மேல் அது நடந்தால் என்ன என்பதை நான் எழுத மாட்டேன். எழுதாமலே இங்கே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மொய்ன் பாயை வீட்டுக்கு வரச் சொல். நீ ஓட்டிக்கொண்டு போகாதே. கிளாம்பைக் கழற்றிப் பார்க்கச் சொல். என் பேச்சு தப்பாக இருந்தால் அவர் இன்னொரு தரம் சிரிக்கட்டும். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது.

தந்தி ஆபீஸில் முதலில் 'பாரம் ஏற்றாதே' என்று எழுதினேன். அடித்தேன். 'அவளை ஏற்றாதே' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம்தான் 'யாரும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அனந்தராமன்


தார்நாகா
26-7-82

நமஸ்காரம். உடைந்துதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கார் சாவி என் கையில் இருந்தது. ஷெட் கதவைக் கூடத் திறந்துவிட்டேன். தந்திக்காரன் சைக்கிளைக் கேட்டில் சாய்த்துவிட்டுக் கூப்பிட்டான். தந்தி என்றதும் உங்களுக்குத்தான் என்னவோ ஏதோ என்று பிரிப்பதற்குள் என் பிராணன் போய் வந்தது. படித்தேன். சாவியை உள்ளே கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டு, நீங்கள் போன மாதக் கடிதத்திலேயே எழுதினபடி பஸ் பிடித்தேன். சார் கமானில் இறங்கி நடந்தேன். வேறு எங்கே போவேன்?

ஆமாம். ஆமாமா இல்லையா என்று கேட்டீர்களே, ஆமாம். ஏப்ரலிலிருந்து போகிறேன். அவளுக்குக் கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. ஸ்கூட்டர் கூடாது, ஆட்டோ கூடாது, வாராவாரம் வந்து காட்ட வேண்டும் என்று மாரேட்பள்ளி டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளை என் வயிற்றிலிருந்து எடுத்த அதே டாக்டர்தான். அவரிடம் வராமல் அவள் வேறு எங்கே போவாள்? நான் அழைத்துப் போகாமல் வேறு யார் அழைத்துப் போவார்? உங்களிடம் பொய் சொல்லவில்லை. கார் பேச்சு என்று சொன்னேன், கார் பேச்சுதான் எழுதினேன். அந்தப் பெயரை எழுதாதே என்ற ஒரே கட்டளையில் எத்தனை விஷயத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் ஏறுகிற சந்து சார் கமானுக்குப் பக்கத்தில்தான். ஏறி உட்கார்ந்து வண்டி கிளம்பினதும் முதல் பள்ளம் வளைவுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே அந்தச் சத்தம் சுவரில் அடித்து இரண்டாகக் கேட்கும். ஆகவே கமானிலும் சத்தம், கமானிலும் சத்தம். நீங்கள் தப்பாகப் படித்துச் சரியாகப் பிடித்தீர்கள். இதை மொய்ன் பாயிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு யாதகிரி டாக்ஸி பிடித்து வந்து அவளை டாக்டரிடம் கூட்டிப் போனார். இனிமேல் நான் அவர் பெயரை எழுதத்தான் போகிறேன், எத்தனை நாள் ஜாயின்ட் செக்ரெட்டரி என்றே எழுதிக்கொண்டிருப்பது? மறுநாள் மொய்ன் பாய் சாமான்களோடு வீட்டுக்கு வந்தார். கிளாம்பைக் கழற்றினதும் பட்டை இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. முறிந்த இடம் முழுக்கத் துரு, ஒரு ஓரத்தில் மட்டும் புதுசாகப் பளபளவென்று இருந்தது. அந்த ஓரத்தை நம்பித்தான் இத்தனை செவ்வாய்க்கிழமை போயிருக்கிறேன். மொய்ன் பாய் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வஹம் நை தா அம்மா" என்றார். பிரமை இல்லை என்று இப்போதாவது சொன்னாரே. நான் ஷெட்டிலேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

யாதகிரி வந்து அந்தத் துண்டைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். "ராஞ்சியில உக்காந்துகிட்டு சார் எப்படிம்மா கண்டுபிடிச்சார்?" என்று தன் தெலுங்குத் தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒர்க் ஷாப்பில் நாலு பேரிடம் காட்டியிருக்கிறாராம். உங்கள் பாக்டரியிலேயே உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்றால் அது இவர்தான், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

உங்கள் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. பாரம், ஒரு ஆள் பாரம் என்று வருகிற இடத்தில் சிரித்தாள். "ஹவ்மா, நான் இப்ப எத்தனை கிலோன்னு அப்பாவுக்கு எழுதிடு. கணக்குப் போட வேணுமில்ல?" என்றாள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து படித்தாள். தந்தி ஆபீஸ் வரைக்கும் வந்து நிறுத்தினாள்.

"என் பேரை எங்கேயுமே எழுதலையேம்மா" என்றாள்.

இல்லை என்றேன். கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதுப் பட்டை போட்டாயிற்று. நானும் மொய்ன் பாயும் எதிர்வீட்டு மாமாவைப் பின் இடது சீட்டில் உட்கார வைத்து மெட்டுகூடா வரை போய் வந்தோம். சத்தம் இல்லை. எனக்கு மட்டும் இன்னும் காது அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே ஆனாலும் ஆகலாமாம்.

சத்தத்தைக் கண்டுபிடித்துச் சொன்னீர்கள். இதற்கு என்ன செய்வது என்றும் நீங்களே சொல்லுங்கள்.

பாமா


ராஞ்சி
2-8-82

பாமா,

உடைந்துதான் இருந்தது என்ற வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்து போய்விட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

லீவு சொல்லிவிட்டேன். பத்தாம் தேதி காலையில் செகந்திராபாத் வந்து சேருகிறேன். காலண்டரைப் பார்க்க வேண்டாம், செவ்வாய்க்கிழமைதான். பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன்.

ஸ்டேஷனுக்கு வண்டியைக் கொண்டு வா. நீயே ஓட்டு. தார்நாகாவுக்குப் போக வேண்டாம், பெட்டி வண்டியிலேயே இருக்கட்டும். நேரே நயாபுல் தாண்டிப் போகலாம். கிருஷ்ணமூர்த்தி குதிகாலை நம்பி நான் வண்டியை விட முடியாது. பின் இடது சீட்டில் நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சார் கமானுக்கு அடியில் அந்தப் பள்ளத்தில் நிச்சயமாக இறக்கு.

எத்தனை கிலோ என்று கேட்டாளாமே. வேதா பிறந்தபோது ஆறே பவுண்டு, டாக்டரம்மா நிறுத்துச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல். அந்தக் கணக்கு எனக்கு மறக்கவில்லை. முன் சீட்டு வேதாவுக்கு. முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துக்கொள். மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவேன். உன் அப்பா திட்டினார், நீயும் திட்டிக்கொள்.

மொய்ன் பாயிடம் இன்னொரு வேலை சொல்ல வேண்டும். நான் வருவதற்குள் முடித்திருக்க வேண்டும். அந்த வலதுபக்கப் பின்கதவின் பூட்டைக் கழற்றிச் சரிசெய்யச் சொல். இடதுபக்கம் நான் உட்கார்ந்திருந்தால் ஜாயின்ட் செக்ரெட்டரி எந்தப் பக்கமாக ஏறுவார்?

அனந்தராமன்